நான்காம் பாலத்தின் கீழே மூன்று சென்ட்

என் மாமனார் குடையை மடக்கினார். அதன் இரும்பு முனையை ஆற்றங்கரை ஈரமண்ணில் குத்தி நிறுத்தினார். "இதுதானுங்க மொத மூலை. எண்ணுங்க மாப்ள" என்றார்.

எங்களுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேர் நின்றிருந்தார்கள். கம்பளி போர்த்தியவர்கள், கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே வந்தவர்கள், டீக்கடைத் தம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்ட ஒருவர். பனி பாலத்தின் கைப்பிடிவரை இறங்கியிருந்தது. ஆறு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார். நிலம் அளக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாமனாருக்கு அதுகூடக் கிடையாது. முந்தின நாள்தான் மகளைப் பார்க்கப் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்.

இருந்தும் நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்வதற்கு முன் ஒரு திருத்தம். போன வாரம் இதே பத்தியில், மூணாறில் என் நடைவழியில் ஐந்து பாலங்கள் என்று எழுதிவிட்டேன். நான்குதான். ஐந்தாவது, சாக்கடைமேல் போட்ட பலகை. அதைப் பாலக் கணக்கில் சேர்த்தது தப்பு. மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

எண்ணி நடந்தவன்

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஜீரணக் கோளாறு. ஆஸ்பத்திரி டாக்டர், "தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடங்க" என்றார். எண்ணச் சொல்லவில்லை. ஆனால் எண்ணாமல் நடந்தால் எவ்வளவு நடந்தோம் என்று எப்படித் தெரியும்?

பள்ளி வராந்தாவில் நாடா வைத்துப் பார்த்தேன். என் தப்படி ஒன்று இரண்டேகால் அடி. ஒரு நீல நோட்டு வாங்கினேன். பள்ளிக்கூட வாசலிலிருந்து முதல் பாலம் நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. அங்கே நின்று குறித்துக்கொள்வேன். அங்கிருந்து இரண்டாவது பாலம் அறுநூற்று எட்டு. மறுபடியும் நின்று குறிப்பேன். மழைநாளில் தப்படி குறுகும் என்பதால் அதற்குத் தனிப் பத்தி.

மூணாறை நகரம் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. மூன்று ஆறுகள், நான்கு பாலங்கள், ஒரு கடைத்தெரு. ஆனால் வெள்ளைக்காரர்கள் அதை ஒரு நகரமாக நினைத்துத்தான் கட்டினார்கள். குன்றின்மேல் கருங்கல் மாதாகோயில். அதற்குமேலே அவர்களுடைய கல்லறைகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளப். அதன் சுவர்களில் மான் தலைகள் இருப்பதாகச் சொல்வார்கள். நான் எண்ணியதில்லை, உள்ளே விடமாட்டார்கள். தபாலாபீஸ் வாசலில் கிரீடம் பொறித்த சிவப்புப் பெட்டி.

ரயில்கூட ஓடிய ஊர் அது. எங்கள் அப்பா காலத்தில் ஒரு பெருவெள்ளம் வந்து தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷன் கட்டடம் மட்டும் மிச்சம். ஒருநாள் பழைய பிளாட்பாரத்தை நடந்து அளந்தேன். அளவு இங்கே வேண்டாம். பத்திரிகை ஆசிரியர் போனமுறையே எண்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் 'துரை' என்ற சொல் போகவில்லை. மேனேஜர் ஆலப்புழைக்காரராக இருந்தாலும் துரைதான்.

அப்படி எண்ணி நடந்த நான்கு மாதமும் ஊர் என்னிடம் காட்டிய மரியாதையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் வரும்போது நாய்களைப் பிடித்துக் கட்டுவார்கள். டீக்கடையில் வேலுச்சாமி பெஞ்சைத் துடைத்துப் போடுவார். நான் பாலத்தில் நின்று குறிக்கும்போது சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். மலைநாட்டில் வாத்தியாருக்கு இவ்வளவு மதிப்பா என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். இரண்டு கடிதம்.

பதினான்கு துண்டுகள்

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பக்கம் வயல்காரர். ஒரே இடத்தில் இல்லாமல், அங்கும் இங்குமாகப் பதினான்கு துண்டு நிலம். நிலச் சட்டம் வந்தபோது சங்கிலியும் காகிதமுமாக ஒரு ஆள் வந்தார். உழுதுகொண்டிருந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதினார். போனது ஒன்பது துண்டு, நின்றது ஐந்து.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒன்று, சங்கிலி பிடித்தவன். இரண்டு, நிலம் இல்லாதவன். இரண்டாவது வகையில் நானும் உண்டு.

"ஏனுங்க மாப்ள, இந்த ஊர்ல எத்தன சென்ட் வாங்கியிருக்கீங்க?" என்பதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் கேட்டது.

"ஒண்ணும் வாங்கலீங்க மாமா."

"அரை சென்ட்டு?"

"இல்லீங்க."

அவர் மலையைப் பார்த்தார். சுற்றிலும் தேயிலை. "இத்தன பூமி கண்ணுக்கு முன்னால கெடக்குது. ஒரு சாணுகூட இல்லாம எப்படீங்க தூக்கம் வருது?"

மறுநாள் சாயங்காலம் நான் நடக்கக் கிளம்பியபோது அவரும் புறப்பட்டார். வெள்ளைச் சட்டை, கரைவேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, கைப்பிடி வளைந்த நீளக் குடை. என் மனைவி ருக்மணி வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பன முன்னால நடக்க உடாதீங்க. பாக்கற எடத்துக்கெல்லாம் நாயம் பேசுவாரு."

நான் பின்னால்தான் நடக்கவேண்டி வந்தது. எண்ணிக்கொண்டு நடக்கிறவன் வேகமாகப் போக முடியாது.

பின்னால் வந்தவர்கள்

முதல் பாலத்தில் நின்று குறித்தேன். மாமனார் குடையை நீட்டி, "அக்கட்டால கெடக்கறது யாரோடதுங்க?" என்றார்.

"கம்பெனியோடது மாமா."

"இக்கட்டால?"

"அது இப்போ சர்க்காருதுங்க."

"சரி" என்று தலையாட்டினார். கேட்டு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட பெரியவர் குடையால் காட்டுகிறார், பின்னால் நோட்டுக்காரர் எழுதுகிறார்.

திரும்பியபோது ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் நின்றதும் அவர்களும் நின்றார்கள். ஒருவர் ஆற்றைப் பார்த்தார், ஒருவர் வேட்டியைச் சரிசெய்தார்.

இரண்டாம் பாலத்தில் பத்தொன்பது. கிளப் வாசலில் காவலாளி எழுந்து சல்யூட் வைத்தார். நான்கு மாதத்தில் எனக்கு ஒருமுறைகூட அவர் வைத்ததில்லை.

மாமனாருக்கு மனம் குளிர்ந்துபோனது. "பூமி இல்லாட்டியும் உங்களுக்கு நல்ல மருவாதைங்க மாப்ள" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் பாலத்தில் முப்பத்தொன்று. டீக்கடை வேலுச்சாமியைத் தனியாக இழுத்துக் கேட்டேன்: "என்ன வேலுச்சாமி, எதுக்கு இத்தனை பேரு?"

அவர் கண்ணடித்தார். "தெரியாத மாரியே கேளுங்க சார். நாலு மாசமா பாலத்துக்குப் பாலம் நீங்க அளக்குதது எங்களுக்குத் தெரியாதாக்கும்? தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் யாரும் வாயத் தொறக்கல. இன்னிக்குத்தான் பெரியவரே நேர்ல வந்துட்டாவளே!"

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. முந்நூற்று எண்பதா, தொண்ணூறா?

விஷயம் இதுதான். தேயிலை போடாமல் கம்பெனி வைத்திருந்த நிலங்களைச் சர்க்கார் அப்போது எடுத்துக்கொண்டிருந்தது. அதை நிலமில்லாதவர்களுக்குப் பட்டயம் என்கிற பட்டா போட்டுக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அளக்க ஆள் வரும் வரும் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காத்துக் கிடந்தன. வருகிற ஆள் வெளிப்படையாக வரமாட்டார், வேறு உத்தியோகத்தில் இருப்பவர்போல மறைவாகத்தான் வருவார் என்பது வேலுச்சாமி கடையில் எடுத்த முடிவு. அந்த மறைவான ஆள் நான்.

தமிழ் வாத்தியாரையா அனுப்புவார்கள்?

நான்காம் பாலத்தில் ஒரு அம்மாள் வழியை மறித்து நின்றார். இடுப்பில் கொழுந்து கிள்ளும்போது கட்டுகிற சாக்குப் படங்கு, அவிழ்க்காமலே வந்திருந்தார். பெயர் பேச்சியம்மாள்.

"ஐயா, கொஞ்சம் நிக்கணும்" என்றார் மாமனாரிடம். "இந்த மாசத்தோட எனக்கு அம்பத்தெட்டு முடியுது. வேல போச்சுன்னா லயத்துல ரூமும் போச்சு. முப்பத்தொம்பது வருசம் இருந்த ரூமு. ஒண்ணாந்தேதி சாவியக் குடுக்கணும். வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. தென்காசிப் பக்கம் ஊருன்னு பேரு. அங்க என் மொகம் தெரிஞ்சவ ஒருத்தி இல்ல. கீழ ஆத்தோரம் ஒரு துண்டு கெடக்கு. நாந்தான் வெட்டித் திருத்துனேன். மூணு சென்ட் அதுல எம்பேருக்குப் போட்டுட்டா, ஒரு தகரத்தப் போட்டு இருந்துக்கிடுவேன்."

இதற்குமேல் சும்மா இருந்தால் உத்தியோகம் போய்விடும் என்று எனக்குப் பயம் வந்தது. முன்னால் வந்தேன்.

"அம்மா, தப்பா நெனச்சிட்டீங்க. நான் சர்வேயர் இல்லை. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார்."

"சர்க்கார் சம்பளந்தானே சார்?"

"சர்க்கார் சம்பளம்தான். ஆனா—"

"கணக்கு வாத்தியார அனுப்பாம, அளக்குததுக்குத் தமிழ் வாத்தியாரயா அனுப்புவாவ?"

கூட்டம் சிரித்தது. நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

மாமனாருக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. தன்னை யாராக நினைக்கிறார்கள் என்று புரிந்ததும் முகம் சிவந்தது. எந்தச் சங்கிலிக்காரனை ஏழேழு தலைமுறைக்கும் சபித்தாரோ, அவனுடைய மேலதிகாரியாக அவரையே ஆக்கியிருந்தார்கள்.

"இங்க பாரம்மா!" என்று கத்தினார். "நானு பூமி குடுக்கறவன் இல்ல. எங்கிட்ட இருந்த பூமியத்தான் புடுங்கிப்போட்டாங்க! பதினாலுல ஒம்பது போச்சு, தெரியுமா?"

பேச்சியம்மாள் அசரவில்லை. "அப்ப உங்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்யா. இருந்தது போனா எப்டி இருக்கும்னு தெரியும்லா."

மாமனார் கீழே ஆற்றோரத்தைப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் படியில் இறங்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன். கூட்டமும் வந்தது. படிகள் இருபத்தாறு.

குடை குத்திய நான்கு இடம்

ஆற்றுக்கும் தேயிலையின் கடைசி வரிசைக்கும் நடுவில் இருந்தது அந்தத் துண்டு. மேரக்காய்ப் பந்தல் ஒன்று, அவரை, கொஞ்சம் கிழங்கு. மாமனார் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். முகர்ந்து பார்த்தார்.

"மண்ணு சோக்காத்தான் இருக்குதுங்க மாப்ள" என்றார் என்னிடம், ரகசியம்போல.

பிறகு சுற்றிப் பார்த்தார். அவர் குரல் மாறியது. பேச்சியம்மாளைத் திட்ட ஆரம்பித்தார். "ஏம்மா, வரப்பே இல்லாம வெள்ளாம வெச்சிருக்கிறயே, இதெல்லாம் ஒரு நாயமா? எதுவரைக்கும் உன்றது, எதுவரைக்கும் அடுத்தவனுதுன்னு எப்படித் தெரியும்? எல்ல இல்லாத பூமி ஒரு பூமியா?"

"போட ஆளில்லய்யா."

"ஆளு இல்லீன்னா உட்டுர்றதா?"

இரக்கம் என்று நான் எழுதினால் அவர் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். வரப்பு இல்லாத நிலத்தைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா திரும்ப முடியாது. அவ்வளவுதான். தொங்கும் சட்டைப் பித்தானைக் கண்டால் ருக்மணிக்குக் கை துருதுருப்பதுபோல.

அப்போதுதான் குடையை மடக்கிக் குத்தினார். "எண்ணுங்க மாப்ள."

"மாமா, என் வேல போயிருமுங்க" என்றேன் மெதுவாக.

"தெனமும் எண்ணறது தானுங்களே. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

உண்மைதான். நான்கு மாதமாக எண்ணியவன், இத்தனை பேர் பார்க்க ஒரு இடத்தில் நிற்கிறேன். கால் தானாக நகர்ந்தது. மூன்று சென்ட் என்றால் ஆயிரத்து முந்நூற்று ஏழு சதுர அடி. நீளம் இருபது தப்படி, அகலம் பதின்மூன்று தப்படி வைத்தால் சரியாக வரும். மனக்கணக்கு. ஒன்பது சதுர அடி கூடுதல், பரவாயில்லை.

இருபது நடந்து நின்றேன். மாமனார் வந்து குடையைக் குத்தினார். யாரோ முதல் மூலைக்கும் இதற்கும் ஒவ்வொரு கல்லைத் தூக்கி வந்து வைத்தார்கள். பதின்மூன்று. குத்து, கல். இருபது. குத்து, கல். நாற்பத்து மூன்று பேரும் என்னோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எந்த வகுப்பிலும் எனக்கு அப்படி ஒரு ஒழுங்கு அமைந்ததில்லை.

நான்காவது கல் தேயிலை வரிசையின் ஓரம் விழுந்தது. நான் குனிந்து நோட்டில் எழுதினேன். நிமிர்ந்தபோது மாமனாரின் வலது கால் அந்தக் கல்லின்மேல் இருந்தது. ஒரு தள்ளு. கல் இரண்டடி தேயிலைக்குள் போய்விட்டது.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"காட்டுக்காரனுங்க மாப்ள" என்றார், கொஞ்சம் வெட்கத்துடன். "எல்லைக் கல்லக் கண்டா காலு தானாப் போகுது."

காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். அங்கே இது புதிதல்ல. அவர் அப்பா அப்படித்தான், அவருக்குப் பக்கத்து வயல்காரரும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒருமுறை வரப்பு வெட்டும்போது ஒரு மண்வெட்டி அந்தப் பக்கம் நகரும். அவர்கள் வெட்டும்போது இந்தப் பக்கம் வரும். ஆனால் தனக்கில்லாத ஒரு நிலத்துக்காக, ஒரு கம்பெனியின் வரப்பை நகர்த்தியவரை நான் வேறு பார்த்ததில்லை.

பொழுது போனபின்

பேச்சியம்மாள் எழுத்து வேண்டும் என்றார். கடைசிப் பதின்மூன்றையும் நடந்து முடித்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பொய் எழுத எனக்கு வராது. '20, 13, 20, 13 தப்படிகள் நடந்து எண்ணினேன். இது சர்க்கார் ஆவணம் அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே மாமனார், சாட்சி என்று போட்டு, ஐந்து துண்டு நிலம் மிச்சம் வைத்திருக்கிற மனிதருக்குரிய நீளக் கையெழுத்தைப் போட்டார்.

பேச்சியம்மாள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். படிக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை.

அப்புறம்தான் ஆபத்து. மீதி நாற்பத்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். "சார், மேல எனக்கு ஒரு துண்டு." "ஐயா, இந்தப் பாறைக்கு அந்தாண்ட." ஒருவர் கையில் கல்லோடு நின்றார்.

மாமனார் குடையைத் தூக்கி வானத்தைக் காட்டினார். "பொழுது உழுந்துபோச்சு. பொழுது உழுந்தப்பறம் பூமி அளக்கறதில்லைங்க. ஆகாது."

அப்படி ஒரு வழக்கம் எங்கும் உண்டா என்று பிறகு பலரிடம் விசாரித்துவிட்டேன். பதினொரு பேர். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் உடனே ஒத்துக்கொண்டது. "பெரியவக சொன்னா சரிதான்" என்று கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் உடுமலை வழியாகச் சித்தூர் போய்ச் சேர்ந்தார். மாட்டிக்கொண்டவன் நான். அதன்பின் நடையைப் பள்ளி வராந்தாவோடு நிறுத்திக்கொண்டேன். போக வர நூற்று நான்கு தப்படி. கம்பெனிதான் என்னைத் தடுத்துவிட்டது என்று டீக்கடையில் முடிவுசெய்து, வேலுச்சாமி எனக்கு ஆறுதலாகத் தினமும் ஒரு வடை கொடுத்தனுப்பினார். ஜீரணம் மறுபடி கெட்டது.

தனியாக நின்ற மரம்

ஒன்றாம் தேதி பேச்சியம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு ஆற்றோரம் தகரம் போட்டார். நான்கு கற்களுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார். அதனால் வேறு வேலையாகப் பாலத்தில் போகும்போது நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடப்பேன்.

இரண்டு வருஷம் போலக் கழித்து நிஜமான சர்வேயர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். நல்ல மழை. அட்டைக்குப் பயந்து அவர் இருபத்தாறு படியும் இறங்கவில்லை என்று வேலுச்சாமி சொன்னார். பாலத்தில் நின்றே பார்த்தாராம். வெள்ளையடித்த நான்கு கல். பேச்சியம்மாள் மேலே வந்து என் தாளை நீட்டினார். சர்வேயருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான்கு எண்களையும் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். "இது நேரத்தே அளந்ததாணல்லோ", அதாவது முன்பே அளந்ததுதானே, என்று சொல்லித் தாளைக் கோப்பில் குத்திக்கொண்டாராம். சர்க்கார் ஆவணம் அல்ல என்று நான் எழுதிய தாள், எனக்குத் தெரிந்தவரை, இன்னமும் ஒரு சர்க்கார் அலமாரியில்தான் இருக்கிறது. இதை நினைத்து எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறேன் என்பதற்கும் கணக்கு உண்டு. வேண்டாம்.

எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் ஆனது. ஐந்தாறு வருஷம் கழித்துப் பரீட்சை மேற்பார்வைக்கு மூணாறு போனேன். சாயங்காலம் கால் தானாக நான்காம் பாலத்துக்குப் போனது.

தேயிலை எல்லாம் இடுப்பளவு. மலை முழுக்க ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்ட பச்சை. அந்தப் பச்சையின் கீழ் ஓரத்தில், பேச்சியம்மாளின் வேலிக்குள், நான்காவது கல்லை ஒட்டி, ஒரு மரம். தகரக் கூரையைத் தாண்டி நின்றது. வெள்ளைப் பூ பூத்திருந்தது. என்ன மரம் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. வெட்டாமலும் கிள்ளாமலும் விட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

இறங்கிப் போனேன். பேச்சியம்மாள் அடையாளம் கண்டு, "வாங்க சார், அளக்க வந்தியளா?" என்று சிரித்தார். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார், கடைத் தூள்.

"வாசல்லயே செடி இருக்கே, கிள்ளி வறுத்துக்கலாமே?" என்றேன்.

"முப்பத்தொம்பது வருசம் கிள்ளியாச்சு சார். நான் ரிட்டயர் ஆன மாரி அதுக்கும் ரிட்டயர் குடுத்துட்டேன்."

அண்ணாந்து பார்த்தேன். இலைகளை எண்ண ஆரம்பித்து இருநூற்றுப் பதினேழில் காற்று வந்து கலைத்துவிட்டது. மறுபடி ஆரம்பிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் மாமனாரிடம் சொன்னேன். அவர் அப்போது கட்டிலோடு கட்டிலாக இருந்தார். சர்வேயர், கோப்பு, தகர வீடு, பூத்த மரம், எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"ஒரு செடிதானுங்களா உள்ள வந்துச்சு?" என்றார். "ரெண்டு வருமுன்னுதானுங்க தள்ளுனேன்."